சூராப்ச்சாவுக்குப் பதினைந்து நிமிடம்: தேசிய இன உரிமை பேசும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,

வணக்கம். போன மாதம் படிப்பு வட்டத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமலே கூட்டம் முடிந்துவிட்டது. தேசிய இனங்களின் தன்னுரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்த தோழர், "சோவியத் ஒன்றியத்தில் இந்தப் பிரச்சினை தீர்ந்துபோனது, நாம் அங்கிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். "யாகுத் மக்களுக்கும் தீர்ந்ததா தோழர்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாகுத்ஸ்க்தானே, அந்த ஐஸ் ஊர்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

அவரை நான் குறை சொல்லவில்லை. ரஷ்யாவின் வடகிழக்கில், சைபீரியாவில் இருக்கும் யாகுத்ஸ்க் என்றால் நம்மில் பலருக்கும் யூட்யூபில் பார்த்த ஊர்தான். சந்தையில் விறகுக்கட்டை மாதிரி நிறுத்தி வைத்திருக்கும் மீன், கண் இமையில் படிந்த உறைபனி, வீசியெறிந்த வெந்நீர் புகையாகப் பறப்பது. அந்த நாட்டிலேயே இருக்கும் ஒய்ம்யக்கோன் என்ற ஊரில் 1933இல் மைனஸ் 67.7 டிகிரி பதிவானது என்பதுவரை சிலருக்கு மனப்பாடம். அந்தக் குளிரில் குடியிருக்கும் மக்களுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் நம் பேச்சில் வருவதே இல்லை. வாட்ஸாப் குழுவில் போட்டால் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். தலைப்பில் உள்ள சூராப்ச்சா அந்த மக்களின் ஒரு மாவட்டம், அதன் கதை பின்னால் வரும்.

முதலில் பெயர். யாகுத் என்பது மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது சாகா என்று. பேசுவது துருக்கியக் குடும்பத்து மொழி. பழகிய பெயரைத்தான் நானும் கூட்டத்தில் சொன்னேன், இனி சாகா என்றே எழுதுகிறேன். லேனா ஆற்றைச் சுற்றிய அவர்களுடைய நாடு ஏறத்தாழ 31 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் அளவுக்குச் சற்றுக் குறைவு. மக்கள் தொகையோ மொத்தமாகவே பத்து லட்சத்தைச் சுற்றித்தான். உறைந்த நிலம் ஆங்காங்கே உருகி அமிழ்ந்ததில் உண்டான வட்டமான புல்வெளிகளை அலாஸ் என்கிறார்கள். நடுவில் ஒரு குளம், சுற்றிலும் புல், அதற்கப்பால் காடு. ஒரு குடும்பமோ சில குடும்பங்களோ ஓர் அலாஸில் மாடும் குதிரையும் வளர்த்து வாழ்வார்கள். துருவத்துக்குப் பக்கத்தில் பால்மாடு வளர்த்த மக்கள் என்று நினைத்துப் பார்த்தாலே எனக்கு வியப்பாக இருக்கும். இந்த மாட்டுக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நமக்குப் பழக்கமான இடத்துக்கு வருகிறேன். 1913இல் ஸ்டாலின் எழுதிய தேசிய இன வரையறையை நம் வட்டத்தில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். பொதுவான மொழி, பொதுவான நிலப்பகுதி, பொதுவான பொருளாதார வாழ்வு, பொதுப் பண்பாட்டில் வெளிப்படும் உளவியல் இயல்பு. தமிழர் ஒரு தேசிய இனம் என்று மேடையில் நிறுவும்போதெல்லாம் இந்த நான்கையும் விரல் மடக்கிச் சொல்லியிருக்கிறோம். வியன்னாவில் உட்கார்ந்து அவர் அதை எழுதுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1912இல், யாகுத்தியாவில், அதாவது சாகாக்களின் நாட்டில், அலெக்சேய் குலகோவ்ஸ்கி என்ற கவிஞர் தன் இனத்துப் படித்தவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். வெளியிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினால் நம் மேய்ச்சல் நிலம் போய்விடும், நிலம் போனால் இனமே போய்விடும் என்பது அவருடைய அச்சம். என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்க்கிறார். அமெரிக்காவோடு சேரலாமா, ஜப்பானோடா, சீனாவோடா என்றுகூட யோசித்து, ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, படிப்பதும் பயிர்த்தொழிலையும் கால்நடையையும் மேம்படுத்துவதும்தான் வழி என்று வந்து சேர்கிறார். ஸ்டாலினின் நான்கு விரல்களுக்கும் குலகோவ்ஸ்கியின் மக்கள் பொருந்துகிறார்கள். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கு நெருக்கமானது. ஜார் ஆட்சிக்கு யாகுத்தியா ஒரு திறந்தவெளிச் சிறை. முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே நாடு கடத்தப்பட்டவர்களில் யரஸ்லாவ்ஸ்கி, பெத்ரோவ்ஸ்கி, ஒர்ஜனிக்கித்சே போன்ற, லெனின் கட்சியான போல்ஷெவிக்குகளில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். யாகுத்ஸ்கில் யரஸ்லாவ்ஸ்கி இளைஞர்களுக்காக ஒரு படிப்பு வட்டம் நடத்தினார். ஆமாம், நம்முடையதைப் போன்றதுதான். அதில் உட்கார்ந்து மார்க்சியம் கற்ற சாகா பையன்கள் மூவரை மட்டும் சொல்கிறேன்: மக்சிம் அம்மோசவ், பிளாத்தோன் ஒயுன்ஸ்கி, இசிதோர் பராகவ். ஏழை வீட்டுப் பிள்ளைகள், இருபதை ஒட்டிய வயது. அந்த நாட்டில் சோவியத் ஆட்சியைக் கட்டியெழுப்பியவர்கள் இவர்கள்தான். நான் இப்போது எழுதுவது பணக்காரப் பண்ணையாட்களுக்காக இல்லை, ஜாரின் தளபதிகளுக்காகவும் இல்லை. நம்மைப் போன்ற ஒரு வட்டத்திலிருந்து எழுந்து போனவர்களுக்காக எழுதுகிறேன்.

உள்நாட்டுப் போர் அங்கே தாமதமாக வந்தது, தாமதமாகவே முடிந்தது. 1921 இறுதியில் சோவியத் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி பரவியபோது உள்ளூர் நிர்வாகத்தில் இருந்த கடுங்கையாளர்கள் சாகா அறிவாளிகளையும் ஓரளவு வசதியுள்ள குடிகளையும் மொத்தமாக எதிரிகள் என்று நடத்தினார்கள். அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. 1922 தொடக்கத்தில் அம்மோசவும் ஒயுன்ஸ்கியும் பராகவும் அந்த ஆட்களை விலக்கிவிட்டு, கிளர்ச்சியாளர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார்கள். படித்தவர்களைத் திரும்ப அழைத்து வேலை கொடுத்தார்கள். 1922 ஏப்ரல் 27 அன்று யாகுத் தன்னாட்சிக் குடியரசு உருவானது. எனக்கு இந்த மூவர் மேல் இருக்கும் மதிப்பு அந்தச் சில மாதங்களால் வந்தது. வென்றவன் கையில் துப்பாக்கி இருக்கும்போது மன்னிப்பை எடுத்து நீட்டுவது எளிதில்லை.

அதன்பின் வந்த சில ஆண்டுகளை நான் மறைக்க மாட்டேன், மறைத்தால் நீங்களே எடுத்து நீட்டுவீர்கள். எழுத்தறிவு மிகமிகக் குறைவாக இருந்த நாட்டில் பள்ளிகள் திறந்தார்கள். சாகா மொழியில் செய்தித்தாள், பாடநூல், நாடக அரங்கு எல்லாம் வந்தன. செம்யோன் நோவ்கரோதவ் என்ற இளம் மொழியியலாளர் 1917இல் ஒலியியல் எழுத்துகளை அடிப்படையாக வைத்து உருவாக்கிய நெடுங்கணக்கில் குழந்தைகள் தாய்மொழி படித்தார்கள். அவர் பிறந்த பிப்ரவரி 13 இன்றும் அங்கே தாய்மொழி நாள். எல்லாம் உண்மை. இதையெல்லாம் செய்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதுதான் என் கேள்வி.

1927. பவெல் க்செனஃபோந்தவ் என்ற வழக்கறிஞர், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் கான்ஃபெடரலிஸ்டுகள் என்று அழைக்கப்பட்டார்கள். சோவியத் ஆட்சி ஒழிக என்று அவர்கள் சொல்லவில்லை. கட்சிக்கு வைத்த நீண்ட பெயரிலேயே 'சோவியத்' இருந்தது, 'சோஷலிஸ்ட்' இருந்தது. கேட்டது என்ன? யாகுத்தியா ரஷ்யக் குடியரசுக்குள் அடங்கிய தன்னாட்சிக் குடியரசாக இருந்தால் போதாது, உக்ரைன் போல சோவியத் ஒன்றியத்தில் நேரடி உறுப்பான ஒன்றியக் குடியரசாக வேண்டும். வெளியாட்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதை நிறுத்த வேண்டும். அங்கே அல்தான் பகுதியில் தங்கம் கிடைக்க ஆரம்பித்திருந்த நேரம் அது, சுரங்கத்துக்கு ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள், சுரங்கமோ மாஸ்கோவின் கையில். குலகோவ்ஸ்கியின் பழைய அச்சம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

சில நூறு பேர் ஆயுதத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். பெரிய சண்டை என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. முடிந்தவரை ரத்தம் சிந்தக்கூடாது என்றுதான் க்செனஃபோந்தவ் இருந்தார். சரணடைந்தால் மன்னிப்பு உண்டு என்று அரசு சொன்னது. 1922இல் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதை அவர் பார்த்திருந்தார், நம்பினார். 1928 ஜனவரி 1 அன்று சரணடைந்தார். மார்ச் 28 அன்று சுட்டுக்கொன்றார்கள். திறந்த நீதிமன்றம் இல்லை, வழக்கறிஞருக்கு ஒரு வழக்கறிஞரும் இல்லை. அந்த வழக்கில் மொத்தம் 272 பேர். அவர்களில் 128 பேர் கொல்லப்பட்டார்கள், 130 பேர் சிறைக்கும் முகாம்களுக்கும் போனார்கள். கிளர்ச்சியில் செத்தவர்களைவிட வாக்கை நம்பியதால் செத்தவர்கள் அதிகம்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இது 1937 இல்லை. ஸ்டாலின் கட்சிக்காரர்களையே கூட்டம் கூட்டமாகக் கொன்ற பெரும் களையெடுப்புக்கு ஒன்பது ஆண்டுகள் முந்தையது. கூட்டுப்பண்ணை இயக்கம்கூட முழுதாகத் தொடங்கவில்லை. "அதெல்லாம் பிற்காலத் திரிபு" என்று நாம் வழக்கமாகச் சொல்லிக் கடந்துபோகும் வாசல் இங்கே அடைத்திருக்கிறது.

இதே சமயத்தில் சாகா கவிஞர் சஃப்ரோனவைப் பிடித்து மரண தண்டனை விதித்து, பின் அதைப் பத்தாண்டாகக் குறைத்து, வெண்கடலில் உள்ள சலவ்கி முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது உடம்பில் ஒன்றுமில்லை, 1935இல் இறந்துபோனார். 1928 ஆகஸ்டில் மாஸ்கோ மத்தியக் குழு யாகுத் கட்சி அமைப்பைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டது. அறிவாளிகளோடு சமரசம் செய்துகொண்டதுதான் குற்றம். மன்னிப்புக் கொடுத்துச் சண்டையை நிறுத்திய அம்மோசவும் பராகவும் குடியரசை விட்டே அகற்றப்பட்டார்கள்.

ஒன்றியக் குடியரசுக் கோரிக்கைக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1936 நவம்பரில் புதிய அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்டாலின், ஒன்றியக் குடியரசு ஆவதற்கு மூன்று தகுதிகள் சொன்னார்: நாட்டின் எல்லையில் இருக்க வேண்டும், பெயருக்குரிய இனம் அங்கே பெரும்பான்மையாகத் திரண்டு வாழ வேண்டும், மக்கள் தொகை குறைந்தது பத்து லட்சமாவது இருக்க வேண்டும். சாகாக்கள் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. 1913இல் சொன்ன நான்கில் தலைக்கணக்கு எங்கே இருந்தது? நம் வட்டத்தில் 1913ஐ நூறு தடவை படித்திருக்கிறோம். 1936ஐ ஒருமுறைகூடப் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

அப்புறம் 1937 வந்தது. வட்டத்தில் படித்த அந்த மூன்று பையன்களின் கணக்கைப் பாருங்கள். அம்மோசவ் அப்போது கிர்கீசியாவில் கட்சிச் செயலாளர். 1937 நவம்பரில் கைது, 1938 ஜூலை 28 அன்று சுடப்பட்டார், நாற்பது வயது. பராகவை அதே 1938இல் சுட்டார்கள். ஒயுன்ஸ்கியின் கதையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒயுன் என்றால் சாகா மொழியில் சாமியாடி, ஷாமன் என்று பொருள். குடும்பத்தில் அந்த வழி இருந்தது. கட்சிக்காரர், குடியரசின் அரசுத் தலைவராக இருந்தவர், அந்தப் பெயரைத் தன் புனைபெயராக எடுத்துக்கொண்டார். சாகாக்களின் ஒலோங்கோ என்பது நாள்கணக்கில் பாடப்படும் வீரக்காப்பியம். எழுத்தில் இல்லை, பாடகர்களின் நெஞ்சில் இருந்தது. நம் ஊரில் அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள், குளிர்கால இரவுகளோடு. அவற்றில் ஒன்றை 36,000 அடிகளுக்கு மேல் எழுத்தில் கொண்டுவந்து 1930களின் தொடக்கத்தில் வெளியிட்டார் ஒயுன்ஸ்கி. 1935இல் மொழிக்கும் பண்பாட்டுக்குமான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி அதன் இயக்குநர் ஆனார். 1937 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாஸ்கோவில் அதன் முதல் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, கை தூக்கி, திரும்பி வரும் வழியில் இர்குத்ஸ்கில் 1938 பிப்ரவரி 3 அன்று கைதானார். குற்றச்சாட்டு, முதலாளித்துவ தேசியவாத எதிர்ப்புரட்சி அமைப்பின் தலைவர் என்பது. கூடவே ஜப்பானிய உளவு. ஒன்றே முக்கால் ஆண்டு விசாரணை. 1939 அக்டோபர் 31 அன்று யாகுத்ஸ்க் சிறை மருத்துவமனையில் இறந்தார். வயது 45.

பவெலின் அண்ணன் கவ்ரீல் க்செனஃபோந்தவ் ஒரு மானுடவியலாளர். ஊர் ஊராகப் போய்ச் சாகா மக்களின் பழங்கதைகளையும் ஷாமன்களைப் பற்றிய செய்திகளையும் திரட்டியவர். சாகாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற அவருடைய பெரிய ஆய்வு 1937இல் அச்சானது. 1938 ஆகஸ்டில் மாஸ்கோவில் அவரையும் சுட்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், பத்து ஆண்டு இடைவெளி. ஷாமன்களுடைய உடுக்கைகளை ஏற்கெனவே பறித்து, வாக்குரிமையையும் பிடுங்கியிருந்தார்கள். கதை கேட்டு எழுதியவரும் போனார்.

வட்டம் நடத்திய ஆசான் யரஸ்லாவ்ஸ்கிக்கு என்ன ஆனது என்று கேட்கலாம். அவர் கடைசிவரை பதவியில் இருந்தார். 1943இல் இறந்தபோது சாம்பலைக் கிரெம்ளின் மதிலில் வைத்தார்கள். மாணவர்கள் சுடப்பட்டபோது அவர் மனதில் என்ன ஓடியதோ.

எழுத்து விஷயத்தைத் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1917இல் நோவ்கரோதவ் எழுத்து. 1929இல் அதை நீக்கி லத்தீன் வகை எழுத்து. 1939இல் அதையும் நீக்கி ரஷ்ய எழுத்து. இருபத்திரண்டு ஆண்டில் மூன்று. 1925இல் அரிச்சுவடி படித்த ஒரு சாகா பையன், முப்பது வயதில் தன் மகளின் பாடப்புத்தகத்தைப் புதிதாக எழுத்துக் கூட்டித்தான் படித்திருப்பான். மகளுக்கோ அவன் சிறுவயதில் படித்த புத்தகம் புரியாது. 'ணை', 'லை' எழுத்துகளின் வடிவம் மாறியதற்கே எத்தனை வருடம் பேசினோம் நாம்!

இனி சூராப்ச்சா. இந்த மடலுக்குத் தலைப்பே அதுதான்.

யாகுத்ஸ்கிலிருந்து கிழக்கே, லேனாவுக்கு அக்கரையில், அலாஸ்கள் நிறைந்த மாவட்டம் சூராப்ச்சா. மாடு குதிரை வளர்ப்பவர்கள் நாடு. 1939 முதல் தொடர்ந்து வறட்சி. புல் இல்லை, மாடுகள் செத்தன, ஜனங்கள் மரப்பட்டையைத் தின்றார்கள். ஆண்களில் பலர் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இந்த நிலையில் 1942 ஜனவரி 6 அன்று மாஸ்கோ ஓர் ஆணை போட்டது: சைபீரிய ஆறுகளிலும் தூரக் கிழக்கிலும் மீன்பிடிப்பை வளர்க்க வேண்டும். மீன் பிடிக்க ஆள் வேண்டுமே? ஆகஸ்ட் 11 அன்று யாகுத் கட்சிக் குழு முடிவெடுத்தது. சூராப்ச்சாவின் 41 கூட்டுப்பண்ணைகளை அப்படியே பெயர்த்து வடக்கே கபியாய், ஷிகான்ஸ்க், புலூன் மாவட்டங்களுக்கு அனுப்பு. ஏறக்குறைய 5,000 பேர்.

கிழவர், கிழவி, கைக்குழந்தை, கர்ப்பிணி எல்லாரும் சேர்ந்துதான் அந்த 5,000. வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு, தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு, லேனாக் கரைக்கு நடந்தார்கள். படகுத்துறையில் காத்திருந்தார்கள். சரக்குப் படகுகளில் ஏற்றி ஆற்றோடு வடக்கே கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கிவிட்டது. கரையில் இறக்கிவிட்டார்கள். வீடு இல்லை. வலை போதவில்லை. உறைந்த ஆற்றில் பனியை உடைத்து அடியில் வலை விடுவது ஒரு தனித் தொழில், தலைமுறை தலைமுறையாகச் செய்பவர்களுக்கே கடினம். இவர்கள் பால் கறக்கத் தெரிந்தவர்கள். பிடித்த மீன் திட்டக் கணக்குக்குப் போனது. பசியிலும் குளிரிலும் நோயிலும் செத்தவர்கள் தொகை ஆயிரத்தைத் தாண்டும். குடும்பம் குடும்பமாகத் தடம் இல்லாமல் போனது. 1944இல் திரும்பலாம் என்று அனுமதி வந்தபோது, பலர் நடந்தே திரும்பினார்கள். வந்து பார்த்தால் மாடு இல்லை, பல வீடுகள் பாழ். போர் முடியும்போது மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறக்குறையப் பாதியளவுக்குச் சுருங்கியிருந்தது.

"போர்க்காலம் தோழர், எல்லா நாட்டிலும் எல்லாரும் கஷ்டப்பட்டார்கள்" என்பீர்கள். சரி. லெனின்கிராதில் பட்டினி கிடந்தவர்களைப் பட்டினி போட்டது ஹிட்லரின் படை. சூராப்ச்சாவுக்கு ஹிட்லர் வரவில்லை. போர்முனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதே மீன்பிடி ஆணைக்காக லித்துவேனியாவிலிருந்து நாடு கடத்தியவர்களை, பெண்களும் குழந்தைகளுமாக, லாப்தேவ் கடற்கரையில் லேனா முகத்துவாரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களும் அந்தக் குளிர்காலத்தில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஒரே காகிதம், இரண்டு மக்கள். "ஆணையில் கையெழுத்திட்டது உள்ளூர்க் குழு, அதில் சாகாக்களும் இருந்தார்கள்" என்பது அடுத்த பதில். இருந்தார்கள். மறுத்துப் பேசக்கூடியவர்களை நான்கு ஆண்டுகள் முன்புதான் சுட்டு முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர் கை எப்படி எழும்?

எண்களைப் பாருங்கள், சோவியத் அரசே எடுத்த கணக்குகள் இவை. சாகாக்கள் 1926இல் 2,40,709 பேர். 1939இல் 2,42,080. 1959இல் 2,36,655. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஓர் இனம் வளரவில்லை, குறைந்திருக்கிறது. எல்லாரையும் சுட்டுக் கொன்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காசநோய் உண்டு, போர்முனைச் சாவு உண்டு, வறட்சி உண்டு. கூட்டுப்பண்ணையில் மாட்டை இழந்த பட்டினியும் உண்டு. தோட்டாவுக்குப் பலியானவர் சில நூறு என்றால், ஆணைகளுக்குப் பலியானவர் பல ஆயிரம். அதையும் அரச வன்முறை என்றுதான் சொல்வேன். நம் ஊர்ப் பஞ்சங்களுக்கு வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லும்போது நாம் தோட்டாவை எண்ணுவதில்லை.

இறந்தவர்களையும் விடவில்லை. 1940களில் கியோர்கி பஷாரின் என்ற இளம் வரலாற்றாசிரியர், குலகோவ்ஸ்கி, சஃப்ரோனவ், நெஉஸ்த்ரோயெவ் ஆகிய மூவரும் சாகா இலக்கியத்தின் முன்னோடிகள், எதிர்ப்புரட்சிக்காரர்கள் இல்லை என்று ஒரு நூல் எழுதினார். 1951 டிசம்பரில் கட்சி நாளேடான பிராவ்தாவில் அதைத் தாக்கிக் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு அவருடைய முனைவர் பட்டத்தைப் பறித்தார்கள், வேலை போனது. குலகோவ்ஸ்கி இறந்தது 1926இல். செத்து கால் நூற்றாண்டு ஆன கவிஞரைப் பாடத்திட்டத்திலிருந்து மறுபடி வெளியேற்றினார்கள். 1962இல்தான் யாகுத் கட்சிக் குழு இவர்களைப் பற்றிய தன் பழைய தீர்மானத்தைத் திருத்திக்கொண்டது.

அதற்குப் பிறகான காலத்தை ஓடிவிடுகிறேன், அதில் எழுத எவ்வளவோ இருந்தாலும். 1950களின் நடுவில் வைரம் கிடைத்தது, ஆட்கள் வந்தார்கள். 1926இல் குடியரசில் ஐந்தில் நான்கு பேர் சாகாக்கள், 1989இல் மூன்றில் ஒருவர். குலகோவ்ஸ்கி 1912இல் பயந்தது இதற்குத்தான். 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்ற பெயரில் 1974க்கும் 1987க்கும் இடையில் அந்த மண்ணுக்கடியில் பன்னிரண்டு வெடிகள், அவற்றில் இரண்டில் கதிர்வீச்சு வெளியே கசிந்தது. 1986 வசந்தத்தில் யாகுத்ஸ்க் மாணவர்கள் ஊர்வலம் போனபோது மறுபடியும் 'தேசியவாதம்' என்ற முத்திரை, மறுபடியும் வழக்கு. ஈழத்தில் அரசு நடத்திய திட்டமிட்ட குடியேற்றங்களைப் பற்றி நீங்கள் வகுப்பெடுத்துக் கேட்டவன் நான். விகிதம் மாறினால் என்ன ஆகும் என்பதை உங்களிடம்தான் கற்றேன்.

"இதெல்லாம் சிஐஏ கதை" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார், யார் என்றுகூட எனக்குத் தெரியும். அவருக்காக ஒன்று. 1955 அக்டோபர் 15 அன்று ஒயுன்ஸ்கி குற்றமற்றவர் என்று அறிவித்தது அமெரிக்கா இல்லை, சோவியத் அரசு. அடுத்து அம்மோசவையும் அதே அரசுதான் விடுவித்தது. இன்று யாகுத்ஸ்கில் பல்கலைக்கழகத்துக்கு அம்மோசவின் பெயர், சாகா நாடக அரங்குக்கு ஒயுன்ஸ்கியின் பெயர். கொன்ற கட்சியே தவறு என்று ஒப்புக்கொண்டு ஏறக்குறைய எழுபது ஆண்டு ஆகிறது. அந்தச் செய்தி நம் வட்டத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

ரஷ்யாவின் இன்றைய அரசுக்கும் இந்த நினைவு பிடிக்கவில்லை. இந்தப் பெயர்களையெல்லாம் தேடித் தொகுத்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கலைத்தது. அவர்கள் பேச முடியாத நேரத்தில் வெளியில் இருப்பவர்கள் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது. பேசத் தடை இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு நாமும் வாயை மூடிக்கொண்டிருப்பது எதற்கு?

நான் கேட்பது அதிகம் இல்லை. மார்க்சியத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை, நானே விடவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றச் சொன்னால் சண்டைதான் வரும், அதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன். இரண்டே விஷயம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு 1913இன் வரையறையைச் சொல்லிக்கொடுக்கும் அன்றே 1928இல் சுடப்பட்ட 128 பேரையும் 1936இன் மூன்று தகுதிகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். 'தீர்ந்துபோனது' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ரஷ்யப் புரட்சி நாளான நவம்பர் 7 கூட்டம். அக்டோபர் 30 ரஷ்யாவில் அரசியல் ஒடுக்குமுறையில் மாண்டவர்களின் நினைவு நாள், மறுநாள் ஒயுன்ஸ்கி இறந்த நாள். ஒரு வாரம் கழித்து நம்முடைய கூட்டம். அந்த நிகழ்ச்சி நிரலில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். டீக்கு முன்னாலேயே வையுங்கள், பின்னால் வைத்தால் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். மைக் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். சுவரில் மாட்ட ஒரு ஆணி மட்டும் போதும், லேனா ஆறு தெரிகிற மாதிரி ஒரு வரைபடம் கொண்டுவருகிறேன். சூராப்ச்சா எங்கே, புலூன் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

தோழமையுடன்,
கடைசி வரிசையில் உட்காரும் பழைய ஆள்